ஜன்னல்காரம்மாவும் ஈரச் சுவரும்

என் அண்ணியின் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. ஜன்னல்காரம்மா என்று கேட்டால் தபால்காரர்கூட வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். தெருவைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு அவர் செய்த அமர்க்களம் அப்படி. வெயில் காலத்துக்கு மெல்லிய வெள்ளைத் திரை. மழை வரப்போகிறது என்றால் சேறு தெறித்தாலும் தெரியாத காப்பிக்கலர்த் திரை. குளிருக்குக் கெட்டித் துணியில் ஒன்று, அதன் ஓரம் முழுக்கத் துண்டுத் துணியில் வெட்டித் தைத்த பூக்கள். திரை மாறினால் தலையணை உறை மாறும், மேஜை விரிப்பு மாறும், அண்ணன் வாசலில் கால் துடைக்கிற மிதியடிகூட மாறும். மூலைக் கடைக்காரர் வானிலை அறிக்கையெல்லாம் கேட்க மாட்டார். அண்ணியின் ஜன்னலில் காப்பிக்கலர் ஏறிவிட்டதென்றால் குடைக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். ஒரு வருஷமும் அவருக்கு நஷ்டம் வந்ததில்லை.

அண்ணி ஒரு துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவர். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணிதான் வீட்டுக்குள் திரையாகவும் உறையாகவும் வந்து சேர்ந்தது. வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்காது. குழாய் சொட்டினால் ஆளைக் கூப்பிட மாட்டார், தானே வாஷரை மாற்றிவிடுவார். கதவு கிறீச்சிட்டால் கீலுக்கு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் கிரில் பட்டறை வைத்திருப்பவன். அந்த ஜன்னலுக்கு கிரில் செய்து மாட்டியதும் நான்தான். மாட்டி முடித்துக் கீழே இறங்குவதற்குள் அண்ணி வெல்டிங் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கை வைக்கிற இடம். சொந்த வீடுன்னு அசட்டையா விட்டீங்களா, ஊருக்கே இப்படித்தான் செய்யறீங்களா?" என்றார். மறுபடி கழற்றி, தேய்த்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் பட்டறையில் எந்த கிரில்லையும் விரலை ஓட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரே ஒரு நோய் இருந்தது. முன்னறையில் ஜன்னல் இருக்கிற சுவர். மழைக்காலம் வந்தால் ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அண்ணி அசர மாட்டார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு எனாமல் பெயிண்ட் அடிப்பார். ஈரத் துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று எனாமல்தான் வேண்டும் அவருக்கு. அந்த வருஷத் திரைக்குப் பொருத்தமாகக் கலரும் மாறும். கீழே கொஞ்சம் அசிங்கமாகத் தெரிந்தால் கட்டிலை நகர்த்தி மறைத்துவிடுவார், மேலே தெரிந்தால் ஒரு துணிப் படத்தை மாட்டிவிடுவார். சுவருக்கு வெளியே, ஜன்னலுக்கு நேர் கீழே, பூப்பாத்தி. ரோஜாவும் செவ்வந்தியும் குரோட்டன்ஸும். மழைக்கு முன்னால் அதற்கும் புது மண், புது எரு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

அண்ணன் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். மரத்தூள் அவருடைய நெஞ்சில் எப்போதோ குடியேறிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முன்னறைக் கட்டில்தான் அவருக்கு எல்லாம். ஜன்னல் வழியாகப் போகிறவர் வருகிறவரிடம் வம்பளந்துகொண்டே பொழுது போகும். போன மழையில் இழுப்பு அதிகமாகி, மூச்சு உள்ளே போனால் வெளியே வராமல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அவரைத் தூக்கும்போது கட்டிலைத் தள்ளியவன் அண்ணன் மகன். வேறு ஊரில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறான், சேதி கேட்டு ஓடிவந்திருந்தான். கட்டில் நகர்ந்ததும் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தோம். அடுப்புக்குப் பின்சுவர் மாதிரி கறுப்பு. பூஞ்சை. அவ்வளவு துடைத்து வைத்த வீட்டில், அண்ணன் தலைவைத்துப் படுத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால். அண்ணி முந்தானையால் அதைத் துடைக்கப் போய்க் கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் சுவரைப் பற்றிச் சொன்னோம். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இந்தச் சுவர் இருக்கிற அறைக்கு இவரைத் திரும்ப அனுப்பினால் அடுத்த மழையில் என்னால் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார். மகன் ஆஸ்பத்திரி நடையிலேயே முடிவெடுத்துவிட்டான். அப்பா நேராகத் தன் வீட்டுக்கு வரட்டும், அம்மாவும் வரட்டும், வீட்டைக் கேட்டு ஒருவர் அலைந்துகொண்டிருக்கிறார், அவருக்கே கொடுத்துவிடலாம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அப்பன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தவன் வேறு என்ன சொல்வான்?

அண்ணி கேட்டார்: "அடுத்த மழைக்குள்ள சுவர் காஞ்சுட்டா?"

"இத்தனை வருஷமா காயாத சுவராம்மா இப்ப காயப் போகுது?"

"மழைக்கு முன்னாடி வா. நீயே கை வெச்சுப் பாரு. ஈரமா இருந்தா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், சாவியை உன் கையில கொடுத்துட்டு வண்டியில ஏறிடறேன்."

மகன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அண்ணி ஒரு சொல் சொல்லிவிட்டால் அதில் நடுவே போய் நிற்க எனக்குத் துணிச்சல் கிடையாது. கடைசியில் அவன் சரி என்றான். மகன் வீட்டுக்குப் புறப்பட்டுக் காரில் ஏறும்போது அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே, "டேய், அவ கேக்கறதைச் செஞ்சு கொடுடா. அந்த லிஃப்டுல காலம் பூரா ஏறி இறங்கினா எனக்கு இருக்கிற மூச்சும் நின்னுடும்" என்றார்.

முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் அவருக்கு ‘ஒண்ணுமில்ல’ என்றே பெயர். எதைக் காட்டினாலும் "இது ஒண்ணுமில்ல" என்றுதான் தொடங்குவார். அவர் அப்படித் தொடங்கினால் வேலை பெரிது என்று அர்த்தம். சுவரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், மாடியில் ஏறி இறங்கினார், "இது ஒண்ணுமில்லம்மா, மொட்டைமாடி விளிம்புல விரிசல். மழைத்தண்ணி அதுவழியா இறங்குது" என்றார். விரிசலை அடைத்து, ஜன்னல் சன்ஷேடுக்கு மேலும் பூசினார். போகும்போது ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். சுவரில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வியர்க்காவிட்டால் காய்ந்துவிட்டது.

வெயில் மண்டையைப் பிளந்த காலம் அது. மாடியில் கால் வைக்க முடியாது. ஆனால் அண்ணி ஒட்டிய தாள் மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. துளித் துளியாய்ச் சொட்டிக் கீழே தேங்கியிருந்தது. கொத்தனார் அது பழைய தண்ணீர், ஒண்ணுமில்ல, காய்ந்துவிடும் என்றார். அண்ணி தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார். மறுபடி வியர்த்தது. வாரங்கள் போயின. கட்டிலையும் அலமாரியையும் உள்ளறைக்கு மாற்றி, மின்விசிறியைச் சுவருக்கு நேராகத் திருப்பி வைத்து ஓடவிட்டார். ஒன்றுக்கும் மசியவில்லை.

நான் என் பங்குக்கு, சமையலறைக் குழாய் சுவருக்குள் எங்கேயோ ஒழுகுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சமையலறை பின்னாடி இருக்கு, இந்தச் சுவர் வாசல்ல இருக்கு. குழாய்க்கும் சுவருக்கும் என்ன, சம்பந்தி உறவா?" என்று கேட்டார்.

அறை காலியானதில் ஒரு நன்மை நடந்தது. அந்தச் சுவரை முழுசாக ஒரே பார்வையில் பார்த்து எங்கள் எல்லோருக்கும் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எப்போதும் கட்டில் ஒரு பகுதியை மறைக்கும், அலமாரி ஒரு பகுதியை, துணிப் படம் ஒரு பகுதியை. இப்போது மொட்டையாக நின்றது. ஒரு நாள் பட்டறைக்கு அண்ணி போன் செய்தார், உடனே வாங்க என்றார். போனால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரம் மேலேயிருந்து இறங்கினால் மேலே அல்லவா அதிகம் இருக்க வேண்டும், இது கீழேதான் அதிகம், மேலே போகப் போகக் குறைகிறது என்றார். அதோடு இன்னொன்றையும் காட்டினார். கறை இடது கோடியிலிருந்து தொடங்கி நீளமாக வந்து, வலது பக்கம் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் கத்தியால் வெட்டியது மாதிரி நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் சுவர் நன்றாக இருந்தது.

"மழை பெய்யறது சுவர் பூராவும்தானே தம்பி? இந்த ஓரத்துல மட்டும் என்ன தயவு தாட்சண்யம்?" என்றார். "நீங்க வெளியே போய் நில்லுங்க. நான் உள்ளேயிருந்து கறை முடியற இடத்துல தட்டறேன். சத்தம் எங்க கேக்குதுன்னு பாருங்க."

வெளியே போய், பூப்பாத்திக்குள் கால் வைத்து, சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். தெருவில் போனவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அண்ணி உள்ளே உலக்கைக் கட்டை மாதிரி எதையோ வைத்து இடித்தார். நான் சத்தத்தைத் தேடி நகர்ந்தேன். இன்னும் தள்ளி, இன்னும் கொஞ்சம். செவ்வந்திகளை மிதித்துக்கொண்டு போனேன். சத்தம் சரியாகக் காதுக்குள் கேட்ட இடத்தில் என் கால் பாத்தியைத் தாண்டி சிமெண்டுத் தரையில் இருந்தது. அண்ணனின் சைக்கிள் நிற்கிற இடம் அது. பூப்பாத்தி முடிகிற இடமும் அதுதான்.

அண்ணி வெளியே வந்தார். என் காலைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக உள்ளே தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் புது மண், புது எரு என்று கொட்டிக் கொட்டி, பாத்தி வீட்டுத் தரையைவிட ஒரு முழத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. அந்த ஈர மண் வருஷம் முழுக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றது. காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றியது அண்ணியின் கைதான். சுவர் குடித்தது. குடித்த ஈரம் உள்பக்கமாக வெளியேற வழியில்லாமல் எனாமல் பெயிண்ட் வாயை அடைத்தது. அதுவும் அண்ணியின் கைதான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். யாருக்குத்தான் தெரியும் அண்ணி, கொத்தனாருக்கே தெரியவில்லையே என்பது மாதிரி ஏதோ. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மண்வெட்டி இருக்கா பட்டறையில?" என்றார்.

"செடியெல்லாம் பூத்திருக்கே அண்ணி. பூ முடியட்டும், அப்புறம்..."

"பூ முடியறதுக்குள்ள மழை வந்துடும். கொண்டு வாங்க."

முதல் வெட்டு அவர்தான் வெட்டினார். இடையில் நான் வாங்கிக்கொண்டேன், ஆனால் முதல் வெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. எதிர்வீட்டம்மா ஓடிவந்து, ஐயோ ரோஜா, ஐயோ ரோஜா என்று கையைப் பிசைந்தார். அழுவதற்கு ஆள் வேண்டாம், தொட்டி கொண்டுவர ஆள் வேண்டும் என்று அண்ணி விரட்டியதும் தொட்டியோடு திரும்பி வந்தார். செடிகள் எல்லாம் தெருவில் ஆளுக்கொன்றாய்ப் போய்ச் சேர்ந்தன. மூலைக் கடைக்காரர் ஒரு குரோட்டன்ஸை எடுத்துக்கொண்டு போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். மண்ணை வாரித் தெருக்கோடியில் கொட்டினோம். அடியில் தெரிந்த சுவர்ப்பூச்சு விரல் வைத்தால் ஈரப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கொத்தனார் வந்து பார்த்தார். ஒண்ணுமில்ல என்று சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார். அவர் வாயில் அந்த வார்த்தை வராமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மண் இருந்த இடத்தில் தண்ணீர் சுவரை விட்டுத் தெருச் சாக்கடைக்கு ஓடுகிற மாதிரி சரிவாகத் தளம் போட்டுக் கொடுத்தார். நன்றாகவே போட்டார்.

வெளியே முடிந்ததும் உள்ளே. எனாமலை உரிக்க வேண்டும். என் பட்டறையில் கேஸ் பர்னர் இருக்கிறது, அனலைக் காட்டினால் பெயிண்ட் இளகி நிமிஷத்தில் வந்துவிடும் என்றேன். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புகை அறைக்குள் தங்கும், நெஞ்சு நோய்க்காரர் திரும்பி வருகிற அறை இது என்றார். பட்டி பார்க்கிற தகட்டை வாங்கிக்கொண்டு வந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கையாலேயே சுரண்டத் தொடங்கினார். நான் மாலையில் பட்டறையை மூடிவிட்டு வந்து ஒரு பக்கத்திலிருந்து சுரண்டுவேன். என் சுரண்டல் அவருக்குப் பிடிக்காது. நான் விட்ட இடத்தை மறுநாள் அவர் திரும்பச் சுரண்டியிருப்பார்.

பெயிண்ட் பட்டை பட்டையாய் வந்தது. இளநீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ரோஸ், அதற்கும் அடியில் வெளிர்மஞ்சள். வெங்காயம் உரிக்கிற மாதிரி. உரிக்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்ததும் வெங்காயம் மாதிரிதான், தூசி என்றார். நானும் தூசி என்றே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கலரையும் தேடிப் பிடித்துக் கடையில் கலக்கச் சொல்லி வாங்கிவந்தவர் அவர். ஒவ்வொன்றையும் ஊர் பாராட்டியிருக்கிறது. இப்போது கூடையில் அள்ளிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றைக்கூட எடுத்துப் பத்திரப்படுத்தவில்லை. பெயிண்டோடு பூச்சும் சேர்ந்து வந்தது. கடைசியில் இடுப்பு உயரத்துக்குச் செங்கல் தெரிந்தது. செங்கல்லின் நிறம் ஊறப்போட்ட கறுப்பு.

கொத்தனார் உடனே பூசிவிடலாம் என்றார். அண்ணி வேண்டாம் என்றுவிட்டார்.

"முதல்ல நல்லா காயட்டும். ஈரத்தோட மூடினா இத்தனை வருஷமா நான் செஞ்சதையே நீங்களும் செஞ்ச மாதிரிதான்."

காற்று வர வேண்டுமென்று ஜன்னல் திரையையும் கழற்றிவிட்டார். அதுதான் தெருவுக்குத் தாங்கவில்லை. ஜன்னல்காரம்மா வீட்டு ஜன்னலில் திரை இல்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே இடிந்த வீடு மாதிரி செங்கல். வீட்டை விற்கப் போகிறார்கள் என்றார்கள். புருஷன் போனதும் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அண்ணன் உயிரோடு மகன் வீட்டில் உட்கார்ந்து தினமும் போனில் வம்பு பேசிக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொன்னார்கள். காப்பிக்கலர்த் திரை ஏற வேண்டிய காலம் வந்தும் ஏறவில்லை. மூலைக் கடைக்காரர் குடைக்கு ஆர்டர் கொடுக்காமல் குழம்பிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "இந்த வருஷம் மழை உண்டா இல்லையா, உங்க அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டேன். மழை வரும், திரை வராது என்று சொல்லச் சொன்னார்.

செங்கல் மெதுவாக நிறம் மாறியது. மேலேயிருந்து கீழே. கறுப்பு போய்ச் சாம்பல் வந்தது, சாம்பல் போய்ச் சிவப்பு வந்தது. அண்ணி விடியும்போதே எழுந்து பாலிதீனைத்தான் முதலில் பார்ப்பார். துளி, பிறகு பனி, பிறகு லேசான மூட்டம். மேல் பகுதியில் ஒன்றுமில்லாமலும் ஆனது. ஆனால் இடது கோடிக் கீழ் மூலை மட்டும் பிடிவாதமாக இருந்தது. அங்கே ஒட்டிய தாள் தினமும் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மங்கியது.

வானத்தில் மேகம் கூடத் தொடங்கியது. மகன் வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

நான் நல்லது செய்வதாக நினைத்து ஒரு யோசனை சொன்னேன். மூலையில் சின்ன அலமாரியை இழுத்துப் போட்டுவிடலாம், பையன் நடுச்சுவரில் கை வைத்துப் பார்ப்பான், அது காய்ந்திருக்கிறது, இந்த ஒரு மூலையும் பத்துப் பதினைந்து நாளில் காயத்தான் போகிறது, பொய் சொன்னதாகவும் ஆகாது என்றேன். அண்ணி தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார்.

"அலமாரியை இழுத்து மறைச்சு வெச்சுத்தான் அந்த மனுஷனுக்கு இந்தக் கதி வந்துச்சு. மறுபடியும் அதையே செய்யச் சொல்றீங்களா?"

அலமாரி உள்ளறையிலேயே இருந்தது.

மகன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். பூ இல்லை, திரை இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அந்த வாசலை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே நுழைந்ததும், "என்ன சித்தப்பா இது, வீடா குடோனா?" என்று என்னைக் கேட்டான். அண்ணி அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நேராக அந்த மூலையில் நிறுத்தினார்.

"இங்க கை வை. ஈரம் இருக்கு. இந்த ஒரு மூலைதான் பாக்கி. மத்த இடமெல்லாம் நீயே தொட்டுப் பாரு."

அவன் மூலையைத் தொட்டான். பிறகு சுவர் முழுக்கத் தொட்டுக்கொண்டே போனான், உட்கார்ந்து தொட்டான், எக்கித் தொட்டான். ஈரம் எங்கிருந்து வந்தது என்று அண்ணி சொன்னார். தான் கொட்டிய மண்ணையும், தான் அடித்த பெயிண்டையும், தான் மாட்டிய படத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பஸ் எந்த வழியாகப் போகும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"பேசினது என்னம்மா? ஈரம் இருந்தா சாவியைக் கொடுக்கறேன்னு சொன்ன."

"சொன்னேன்." அண்ணி உள்ளே போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். "இந்தா. எடுத்துக்கறதுன்னா எடுத்துக்க. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி நீ உன் கையாலயே ஒரு தாளை ஒட்டு. இன்னைக்கு இங்கயே தங்கு. காலையில அதைப் பார்த்துட்டு எடு."

மகன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் இந்தத் தடவை கூரையைப் பார்க்கவில்லை. ஒட்டித்தான் பாரேன்டா என்றேன். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு டேப் கேட்டான். ஒன்று ஒட்டவில்லை, சுவர் நெடுக நாலைந்து ஒட்டினான். அப்பனைப் போலவே சந்தேகப் பிராணி. ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினான். அண்ணி பின்னால் நின்று, இன்னும் அழுத்தி ஒட்டு, காற்றுப் போனால் கணக்கில் சேராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு எதிராக அவனே ஒட்டுகிற தாளை அவரே திருத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது இரண்டு பேரும் காப்பித் தம்ளரோடு சுவரைப் பார்த்து நின்றார்கள். மூலைத் தாள் மங்கலாக இருந்தது. மற்றவையெல்லாம் கடையில் வாங்கிவந்த மாதிரியே இருந்தன. மகன் போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினான், பிறகு வெளியே போய்ப் பேசினான். திரும்பி வந்து, அந்த மூலை காய்கிறவரை அப்பா முன்னறையில் படுக்கக்கூடாது, உள்ளறையில்தான் என்றான். அண்ணி தலையாட்டினார்.

"இன்னொண்ணு. மழை முடியறதுக்குள்ள அப்பாவுக்கு இருமல் வந்துச்சுன்னா, ஒரு தடவை வந்தாலும், நான் உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். அப்ப தாள் ஒட்டு, டேப் போடுன்னெல்லாம் சொல்லக்கூடாது."

"வந்தா நானே பெட்டியைக் கட்டறேன்" என்றார் அண்ணி.

அண்ணன் அந்த வாரமே வந்து சேர்ந்தார். காரை விட்டு இறங்கியதும் பூப்பாத்தி இருந்த இடத்தைப் பார்த்தார். சைக்கிள் தனியாக நின்றது. உள்ளே வந்து செங்கல் சுவரைப் பார்த்தார். போனில் எல்லாம் கேட்டிருந்தாலும் கண்ணால் பார்ப்பது வேறுதான். செங்கல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு, "கல்யாணத்துக்கு முன்னாடி நான் இந்த வீட்டைக் கட்டினப்போ இப்படித்தான் இருந்துச்சு. நீ வந்து நகை போட்ட. இப்ப கழட்டிட்ட" என்றார். உள்ளறைக்குப் போகச் சொன்னதற்கு மட்டும் சண்டை போட்டார். தெருவே தெரியாத அறையில் நான் யாரிடம் பேசுவேன் என்றார். பகலில் ஜன்னலருகே நாற்காலி, இருட்டியதும் உள்ளறை என்று பஞ்சாயத்து முடிந்தது.

மழை ஒரு பிற்பகலில் பிடித்துக்கொண்டது. நானும் அங்கேதான் இருந்தேன். சாதாரண மழையில்லை, எதிர்வீடு தெரியாத மழை. தண்ணீர் சுவரில் அறைந்து, புதுத் தளத்தில் விழுந்து, சரிவில் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. அண்ணி ஜன்னல் வழியாக அதையே பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். சமையலறைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி உள்ளங்கையை வைத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் புறங்கையை வைத்தார். ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டு மறுபடி வந்தார்.

அண்ணன் நாற்காலியில் டீயைக் குடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, சுவருக்குக் காய்ச்சலா? கஷாயம் வெச்சுக் கொடேன்" என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். சிரித்ததில் டீ புரையேறியது. இருமினார்.

அண்ணியின் கை சுவரிலேயே நின்றுவிட்டது. நானும் அசையவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே அந்த இருமல் மட்டும் தனியாகக் கேட்டது. இரண்டு மூன்று இருமல். பிறகு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து விட்டார். இழுப்புச் சத்தம் இல்லை. தெளிவான மூச்சு. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "எதுக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? டீடா. புரையேறிச்சு" என்றார்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். யாருக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. "அண்ணி, அது டீ" என்றேன். "இதையெல்லாமா அவன்கிட்ட சொல்லுவாங்க?" என்று அண்ணனும் சேர்ந்துகொண்டார். அண்ணி இரண்டு பேரையும் லட்சியம் செய்யவில்லை.

"நான்தான் பேசறேன். இங்க மழை பிடிச்சிருக்கு. அப்பா இப்ப இருமினாரு. டீ புரையேறி. இழுப்பு இல்ல. சுவர் காஞ்சுதான் இருக்கு, அந்த மூலை மட்டும் நேத்து மாதிரியே இருக்கு. ஒரு தடவை வந்தாலும்னு நீ சொன்ன, அதனால சொல்லிட்டேன்."

அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை அண்ணன் மேல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு போனை அண்ணனிடம் நீட்டினார்.

"உங்க மூச்சைக் கேக்கணுமாம். பேச வேண்டாம், சும்மா மூச்சு விடுங்க."

அண்ணன் போனை வாங்கி வாய்க்கு எதிரே பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டாக்டர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி ஆழமாக இழுத்து இழுத்து விட்டார். நாலைந்து தடவை. அப்புறம் பொறுக்க முடியாமல், "போதுமாடா? இதுக்கு மேல விட்டா உங்க ஊர்க் காத்தும் சேர்ந்து தீர்ந்துடும்" என்றார். மறுபக்கத்தில் மகன் சிரித்தது எனக்கே கேட்டது.

அண்ணி போனைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தார். சரி என்றார். நாளைக்கும் சொல்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு, மூலையில் பழைய தாளைக் கிழித்தெடுத்து, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, புதுத் தாளை ஒட்ட உட்கார்ந்தார்.